அவள் தாளில் என் பெயர்

புதிதாக வேலைக்குச் சேரும் விரிவுரையாளருக்கு முதல் நாளே வயிறு நிறையச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்பது என் கொள்கை. பசியோடு இருக்கிறவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள்தான் மனதில் இருப்பதைச் சொல்வார்கள். ரூபினியையும் சூலியா தெருவுக்கு அழைத்துப்போய் நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தேன். வெண்டைக்காயை ஓரமாக ஒதுக்கிவிட்டு மீன் முட்டையை ரசித்துச் சாப்பிட்டாள். "இங்க எனக்கு யாரையும் தெரியாது டாக்டர்" என்றாள். "இனிமே தெரியும் பிள்ளை" என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஹரீஷ், போன வாரம் நான் மலாயில் கொடுத்த வாக்குமூலம் அவசரத்தில் கொடுத்தது. நிதானமாகத் தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். சரி என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நன்றி. என் பெயர் சற்குணம் ஏரம்பமூர்த்தி. வயது ஐம்பத்தொன்பது. டத்தோ கிராமாட் பகுதியில் அப்பா வாங்கிய வீட்டில் தனியாக இருக்கிறேன். கடலோரச் சூழலியல் பேராசிரியர். முப்பத்திரண்டு வருடங்களாகச் சேற்றில் நடந்து, சேற்றை அளந்து, சேற்றைப் பற்றி எழுதிச் சம்பாதித்தவள். வரும் மார்ச்சில் ஓய்வு.

எங்கள் பல்கலைக்கழகத்தில் முன்பெல்லாம் ஒரு புதியவருக்கு ஒரு மூத்தவர் என்று கட்டிவிடுவார்கள். அந்த மூத்தவர் நல்ல மனிதராக அமைந்தால் புதியவர் பிழைத்தார். இல்லாவிட்டால் மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டினார். என் கண்முன்னே பதினோரு பேர் அப்படிப் போனார்கள். அதில் நால்வர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு மனிதரால் இன்னொருவருக்கு எல்லாவற்றையும் தர முடியாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடி, கடைசியில் நானே ஒரு திட்டத்தைத் தொடங்கினேன்.

திட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு தாள். நடுவில் உங்கள் பெயர், சுற்றிலும் ஆறு வட்டங்கள். நீங்கள் எழுதுவதை யார் படித்துத் திருத்துவார்? ஆய்வு நிதி எங்கே கிடைக்கும் என்று யார் சொல்வார்? உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து குறை சொல்வது யார்? நீங்கள் இல்லாத கூட்டத்தில் உங்களுக்காக வாய் திறப்பது யார்? அழ வேண்டும் என்றால் யாருடைய அறைக்குப் போவீர்கள்? ஆறாவது, எங்களைப்போல ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு: இந்த நிமிடம் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெயர் எழுத வேண்டும். ஒரே பெயர் இரண்டு வட்டங்களுக்கு மேல் வரக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய தாள். இந்த விதியை எழுதியவள் நான்தான்.

வேலை செய்தது, இன்ஸ்பெக்டர். ஏழு வருடங்களில் ஒருவர்கூட ஒப்பந்தத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. பட்டறை வைத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தாளை மற்ற பல்கலைக்கழகங்களும் கேட்டு வாங்கின.

ரூபினி நிபோங் திபாலில் வளர்ந்தவள். அப்பா தங்கராஜு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் செம்பனைக்கு மாறியபோது தொழிற்சாலை லாரி ஓட்டப் போனவர். அந்தக் குடும்பத்தில் முதல் முனைவர் அவள். அவளுடைய முதல் தாளில் நான் இரண்டு வட்டங்களில் இருந்தேன், விதிப்படி. எழுத்தைத் திருத்த, புள்ளிவிவரம் படித்த யசோதரன். நிதிக்கு, விண்ணப்பம் எழுதுவதில் எங்கள் கட்டடத்திலேயே கைதேர்ந்த சித்தி ஹாஜரா. வகுப்புக்கும் அழுகைக்கும், அவளோடு ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்த மோகனா. கூட்டத்தில் பேசவும், ஆற்றுக்குப் போனால் இடம் தெரிந்திருக்கவும் நான்.

ஒன்றரை வருடத்தில் அவளுடைய முதல் கட்டுரை நல்ல ஆய்விதழில் வந்தது. கடைசியில் நன்றி சொல்லியிருந்தாள். யசோதரன், சித்தி ஹாஜரா, பிறகு நான். மூன்றாவதாக. அது எனக்கு வலித்தது. அவள் ஆய்வு செய்த ஆற்று முகத்தில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தவள் நான். இத்தனை பேரையும் அவளுக்குத் தேடித் தந்ததே என் தாள்தானே. பொறாமை என்று எழுத உங்களுக்குக் கை துறுதுறுக்கும். எழுதிக்கொள்ளுங்கள். நான் அதை அக்கறை என்றுதான் நினைத்தேன். பல பேர் பல விதமாகச் சொன்னால் பிள்ளை குழம்பிப்போகும், ஒரே குரல் போதும் என்று நினைத்தேன்.

நான் யாரையும் மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. யசோதரனிடம் ஒரு நாள், "தம்பி, நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் ஒரே அறையில உக்காந்து வேலை செய்யறீங்க. எனக்குத் தப்பா தெரியல. மத்தவங்க வாய மூட முடியாது பாருங்க. அவ கல்யாணம் ஆகாத பிள்ள" என்றேன். பாவம், முகம் சிவந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு அவளுடைய மின்னஞ்சலுக்கு இரண்டு வரிதான் பதில். சித்தி ஹாஜராவிடம், ரூபினி தன் விண்ணப்பத்தைத் தானே எழுத ஆசைப்படுகிறாள், உங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்றேன். ரூபினியிடம், சித்தி ஹாஜராவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்போது போய்த் தொந்தரவு கொடுக்காதே என்றேன். அம்மாவுக்கு உண்மையிலேயே முழங்கால் வலி இருந்தது. மோகனாவைப் பிரிக்க முடியவில்லை. அதனால் அவளுக்குக் குழு மேல் குழுவாக வேலை வாங்கிக் கொடுத்தேன். பதவி உயர்வுக்கு உதவும் என்று அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாவது தாள் என் கைக்கு வந்தபோது ரூபினியின் ஆறு வட்டங்களில் ஐந்தில் என் பெயர் இருந்தது. விதி மீறல்தான். தாள்களைச் சரிபார்ப்பது நான் என்பதால் யாரும் கேட்கவில்லை. அதை மேசை மேல் வைத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிள்ளைகள் கிடையாது, இன்ஸ்பெக்டர். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

என் தவறு ஒன்றே ஒன்று. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும், தீபாவளிக்கு வீட்டைத் திறந்து வைத்து எல்லாரையும் விருந்துக்கு அழைப்பார்கள் என்பதை மறந்துபோனேன். ஒருவரோடு ஒருவர் பேசவிடாமல் இரண்டு வருடங்கள் நான் பார்த்துப் பார்த்து ஒதுக்கி வைத்தவர்களை ஒரே கூடாரத்தின் கீழ் உட்கார வைத்து இடியப்பம் பரிமாற ஒரு தாய்க்கு அரை நாள் போதும். ரூபினியின் அம்மா ருக்குமணி துறை முழுவதையும் அழைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது சித்தி ஹாஜரா தட்டில் முறுக்கோடு ரூபினி பக்கத்தில் இருந்தார். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். ரூபினி இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு யசோதரனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் பேசினார்கள். அப்புறம் மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

யாரும் சத்தம் போடவில்லை. ருக்குமணி என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஆட்டிறைச்சி வைத்தார். கிளம்பும்போது வழக்கம்போல ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தார். ரூபினி என் கார் வரை வந்தாள்.

"டாக்டர், சித்தி ஹாஜரா, நான் அவங்க உதவி வேண்டாம்னு சொன்னதா நெனச்சிக்கிட்டு இருந்திருக்காங்க. யசோ அண்ணன் வேற என்னமோ சொல்றாரு. நீங்கதான் சொன்னீங்களாம்."

"உன் நல்லதுக்குத்தான் பிள்ளை."

"எனக்குக் கோவம் இல்ல டாக்டர். புரியலை, அவ்ளோதான். எனக்கு யாருமே இல்லன்னு ரெண்டு வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன் லா. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அதான் எல்லாரும் விலகிட்டாங்கன்னு. வீட்டுல யாருக்கும் தெரியாம அழுவேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். கோபப்படுகிறவர்கள் மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்பார்கள்.

திங்கட்கிழமை காலையில் புதிய தாளைக் கொண்டு வந்து கொடுத்தாள். ஆறு மாதம் ஆகவில்லை, இருந்தாலும் கொடுத்தாள். யசோதரன், சித்தி ஹாஜரா, மோகனா, இன்னும் வேறு துறைக்காரர் ஒருவர். ஆறாவது வட்டத்தில் மட்டும் என் பெயர். ஏன் இது மட்டும் என்று கேட்டேன்.

"சேத்துல உங்கள விட யாருக்குத் தெரியும் டாக்டர்? அந்த விசயத்துல நான் உங்கள முழுசா நம்புறேன்."

அதோடு நிற்கவில்லை. பத்து நாளில் எங்கள் மண்டபத்தில் பெரிய பட்டறை. எட்டுப் பல்கலைக்கழகங்களின் புலத்தலைவர்கள் வருகிறார்கள், என் தாளை நாடு முழுக்க எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய. மதியம் இரண்டரைக்கு, இந்தத் திட்டத்தில் வளர்ந்த விரிவுரையாளர் என்று ரூபினி பேச வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அவள் பெயரைப் போட்டவளே நான்தான். "பேசுறேன் டாக்டர். உங்க பேரச் சொல்ல மாட்டேன். ஆனா ஒரே ஆள் எல்லா வட்டத்தையும் புடிச்சிக்கிட்டா என்ன ஆவும்னு சொல்லத்தான் வேணும். திட்டத்துக்கு அது நல்லதுதானே" என்றாள். நியாயமான பேச்சுதான். அவளுக்கு அப்படி நியாயமாகப் பேசக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

பட்டறை வியாழக்கிழமை. அன்று காலை ஒன்பது ஐந்துக்குக் கடல் முழுதாக வற்றும். மாதத்திலேயே கடல் மிகத் தூரம் விலகும் நாள் என்பதால் சிப்பி மாதிரிகள் எடுக்க அவள் நிபோங் திபால் ஆற்று முகத்துக்குப் போயே ஆக வேண்டும். வழக்கமாகக் கூடப் போகிறவள் மோகனா. அன்றைக்கு நான் மோகனாவைப் பட்டறையின் வரவேற்பு மேசையில் உட்கார வைத்திருந்தேன். அது தற்செயல் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் தற்செயல்தான். தனியாகப் போவதற்கு ஆறாவது வட்டத்தில் இருப்பவர் சம்மதம் வேண்டும். போ, பதினொன்றுக்குள் கரைக்கு வந்துவிடு, மதியம் பேச்சு இருக்கிறது என்று சம்மதம் கொடுத்தேன்.

இனி நீங்கள் மேசை மேல் வைத்த அச்சுத் தாள்களுக்கு வருகிறேன். அவளுடைய கைப்பேசி நான்கு மணி நேரத்துக்கு மேல் கடல் தண்ணீரில் கிடந்தும் வேலை செய்கிறது என்று தெரிந்து ஆச்சரியப்பட்டேன். தண்ணீர் புகாத நல்ல உறை. சிக்னல் கிடைக்கவில்லை, செய்திகள் தாமதமாக வந்தன என்று முதல் வாக்குமூலத்தில் நான் சொன்னது பொய்.

9.52க்கு அவளுடைய முதல் செய்தி. "டாக்டர், கால் மாட்டிக்கிச்சு. ரெண்டும். தொடை வரைக்கும். இழுக்க முடியல." கூடவே அவள் நிற்கும் இடம், வரைபடத்தில். கரையிலிருந்து நானூறு மீட்டர். நான் மேடையின் ஓரத்தில், என் முறைக்காகக் காத்திருந்தேன். உடனே பார்த்தேன்.

சேற்றைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரம் முக்கியம். அப்படியே பின்னால் சாய்ந்து படுத்து, உடம்பின் பாரத்தைப் பரப்பி, கால்களை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தால் சேறு விட்டுக்கொடுக்கும். பிறகு வயிற்றால் ஊர்ந்து வந்துவிடலாம். நானே இரண்டு முறை வந்திருக்கிறேன். நின்றுகொண்டே இருந்தால் இறுகும். அங்கே சிப்பி பொறுக்குகிறவர்கள் பலகையில் சறுக்கிப் போவது அதனால்தான். ரூபினியை அதுவரை நல்ல தரையில் மட்டுமே நடத்திக் கூட்டிப்போயிருந்தேன். இந்தப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை.

படகுத்துறையில் எங்களுக்கு வழக்கமான படகுக்காரர் ஸுல்கிஃப்லி இருந்தார். அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. இருபது நிமிட வேலை. கூப்பிடத்தான் எடுத்தேன். அப்போது எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: கொஞ்சம் தாமதமானால் இரண்டரை மணிக்கு அவள் வந்து சேரமாட்டாள். சேறும் அழுக்குமாக வீட்டுக்குப் போவாள். பேச்சு இல்லை. புலத்தலைவர்கள் நான்கு மணிக்கு விமானம் ஏறிவிடுவார்கள்.

9.58க்கு நான் எழுதினேன். "பயப்படாதே. ஸுல்கிஃப்லியை அனுப்பியாச்சு. அசையாமல் நில்."

அவள் கேட்டாள், "999 கூப்பிடவா டாக்டர்? பேட்டரி பதினாலுதான் இருக்கு. மோகனாவுக்கும் சொல்லவா?"

நான் எழுதினேன். "வேண்டாம். மீட்புப் படைக்காரர்கள் வழி தெரியாமல் சுற்றுவார்கள். மோகனா வேலையாக இருக்கிறாள். பேட்டரியை மிச்சம் பிடி. யாருக்கும் பேசாதே. படகு வரும்."

"ஓகே டாக்டர்" என்றாள். ஒரு கும்பிடு படமும் போட்டாள்.

பத்து மணிக்கு என்னை மேடைக்கு அழைத்தார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று எல்லாரும் சொன்னார்கள். முன்வரிசையில் ஒரு புலத்தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். தேநீர் இடைவேளையில் மோகனா என்னிடம் வந்தாள். என் கைப்பேசி என் கையில்தான் இருந்தது.

"டாக்டர், ரூபினி மெசேஜ் பண்ணாளா? பதினொன்னு ஆவப்போவுது."

"பண்ணினா. எல்லாம் சரி. மாதிரி கொஞ்சம் கூடுதலா எடுக்கிறாளாம்."

"அதான பார்த்தேன். அவளுக்குப் போதும்னு சொல்லவே தெரியாது லா" என்று சிரித்துவிட்டு, கறிபாப் பலகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பிப் போனாள்.

10.58க்கு ரூபினியின் செய்தி. "டாக்டர் தண்ணி வந்திருச்சு. இடுப்பு வரைக்கும். படகு எங்க?" வந்துகொண்டிருக்கிறது என்று எழுதினேன்.

கடல் ஏறும்போது முதல் மணி நேரம் சோம்பலாக வரும். அதற்குப் பிறகு அவசரப்படும். அன்றைய அட்டவணை எனக்கு மனப்பாடம். அந்த இடத்தில் சேற்றின் உயரம் என்ன என்று அளந்து வெளியிட்டதே என் பழைய கட்டுரைதான். அவளுடைய உயரமும் எனக்குத் தெரியும். பதினொன்று ஐம்பதுக்கு மேல் தாங்காது என்று தெரியும். பதினொன்றே கால் வரை ஸுல்கிஃப்லியைக் கூப்பிட நேரம் இருந்தது. நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். நான் அப்போதே போட்டேன்.

ஏன் கூப்பிடவில்லை என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். அவர் போய் அவளைத் தூக்கிப் படகில் போட்டதும் அவள் முதலில் என்ன கேட்பாள்? ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள். டாக்டர் இப்போதுதான் கூப்பிட்டார் என்று அவர் சொல்லுவார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதற்குப் பிறகு அந்தக் கடைசி வட்டத்திலும் என் பெயர் இருக்காது. தீபாவளிக் கூடாரத்தில் என்னைப் பார்த்த அந்த மூன்று முகங்களை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. தேநீருக்கு முன்னால் அவள் தாமதமாக வந்தால் போதும் என்று இருந்தேன். தேநீருக்குப் பிறகு அவள் வரவே கூடாது என்று ஆகிவிட்டது. முடிவெடுத்தது மாதிரியே எனக்கு நினைவில்லை. கோப்பையை வைத்துவிட்டு அடுத்த அமர்வுக்குப் போனேன்.

நான்கு மணிக்குச் சிப்பிப் படகுக்காரர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள். இறுதிச் சடங்கில் தங்கராஜு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என் மவ கடைசி வரைக்கும் உங்களத்தான் நம்புனா டாக்டர்" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு என்று நீங்கள் எழுதினால் தவறு. இப்போதும் எனக்குத் தூக்கம் கிடையாது. சாப்பாடு இறங்குவதில்லை.

கொலையா, கவனக்குறைவா என்று கேட்டீர்கள். நான் படகைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டதாகச் சொன்னேன். படுத்து ஊர்ந்து வா என்று சொல்ல வேண்டிய இடத்தில் அசையாமல் நில் என்றேன். வேறு யாரையும் அவள் கூப்பிடாமல் தடுத்தேன். தண்ணீர் எத்தனை மணிக்கு அவள் தலைக்கு மேல் போகும் என்று தெரிந்தே இதையெல்லாம் செய்தேன். எந்தச் சட்டப்பிரிவு பொருந்துகிறதோ அதைப் போடுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பயந்து தவித்துச் செத்தாள் என்று அவள் அம்மாவிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. கடைசிச் செய்தியைப் பாருங்கள், 11.34. "டாக்டர், படகுச் சத்தம் கேக்குற மாதிரி இருக்கு. தேங்க்யூ." எந்தப் படகும் அந்தப் பக்கம் போகவில்லைதான். ஆனால் வேலைக்கு வந்த நாளில் யாரையும் தெரியாது என்ற பிள்ளை, போகும்போது தனியாகப் போகவில்லை. அவளுக்கு நான் இருந்தேன்.